மூக்கு பார்த்தாச்சா?

இந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பாஸ்தா பாக்கெட்டை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தபோது என் மகள் பெருமூச்சு விட்டாள்.

"மறுபடியும் இதா?"

"உனக்குத்தான் பிடிக்குமே."

"பிடிக்கும்தான். அதுக்காக தினமும் குடுத்தா பிடிக்காமப் போயிடும்ல?"

பத்து வயது. நியாயம் பேச ஆரம்பித்தால் வக்கீல் தோற்றுப்போவார். "கிடைக்கிறதைச் சாப்பிடக் கத்துக்கோ" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் கிடக்கும் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டாள். எரிந்து விழ ஒரு காரணமும் இல்லை. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார் என் கணவர். அந்த மூக்கில்தான் இப்போது கோளாறு.

பதினெட்டு நாளாக எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

மூன்று நாள் காய்ச்சல், ஜலதோஷம். காய்ச்சல் போனது, ஜலதோஷம் போனது, போகிற போக்கில் இதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதல் வாரம் மூக்கடைப்பு என்று நினைத்தேன். பிறகு குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கும் மருந்து என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். எல்லாம் வெறும் காற்று. தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் படாத பேட்டையில் ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். "வரலாம். வர மாசக்கணக்கில் ஆகலாம். வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேறு. வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேறு வேலையில் இருப்பவர்கள் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு மூக்குதான் வேலை. பால் பண்ணையில், டாங்கர் லாரிகள் வந்து நிற்கும் மேடையில் இருக்கிறேன். லாரியின் ஏணியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே காட்டி முதல் மூச்சை இழுக்க வேண்டும். அந்த முதல் மூச்சுதான் கணக்கு. இரண்டாவதற்குள் மூக்கு பழகிவிடும். தண்ணீர் கலந்திருந்தால் கருவி சொல்லிவிடும். புளிக்க ஆரம்பித்திருந்தாலும் சொல்லிவிடும். ஆனால் டாங்கரைக் கழுவிய மருந்தைச் சரியாக அலசாமல் விட்டிருந்தாலோ, எங்காவது டீசல் பட்டிருந்தாலோ, அதை எங்கள் கருவிகள் சொல்லாது. மூக்குதான் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு டாங்கரைத் திருப்பி அனுப்பினேன். டிரைவர் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். மேனேஜர் முறைத்தார். வெளியே கொடுத்துச் சோதித்தபோது மண்ணெண்ணெய் கலந்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து பண்ணையில் என் பெயரே மூக்கு. "மூக்கு பார்த்தாச்சா?" என்று கேட்பார்கள். நான் கட்டை விரலை உயர்த்தினால் குழாயை மாட்டுவார்கள். எனக்குப் பிறகு யாரும் முகத்தைக் கொண்டுபோய் அந்த மூடியருகே வைத்ததில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, பொய் சொல்வானேன்.

வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பது கிலோ மோட்டாரை ஒற்றை ஆளாகக் கழற்றுவார். ஆனால் நேற்றைய குழம்பு கெட்டுவிட்டதா என்று மட்டும் அவருக்குத் தெரியாது. கிண்ணத்தோடு வந்து, "மூக்கு மேடம், இது தாங்குமா?" என்று நிற்பார். மகள் காலுறையை நீட்டுவாள், இன்னொரு நாள் போடலாமா என்று. நான் தீர்ப்புச் சொல்வேன். அப்பீல் கிடையாது.

பாஸ்தா விவகாரத்துக்கு வருகிறேன். மூக்கு போன பிறகுதான் சமையல் முழுக்க வாசனையில் நடக்கிறது என்று தெரிந்தது. பச்சை வாசனை போகும்வரை வதக்கு என்கிறார்கள். போனதா இல்லையா என்று யார் சொல்வது? இரண்டு முறை வெங்காயத்தைக் கருக்கிவிட்டு அடுப்பின் மேல் பழியைப் போட்டேன். இந்தப் பாஸ்தாவில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே வாணலியில், எல்லாம் கடிகாரத்தில். கோழித் துண்டு ஒரு பக்கம் நாலு நிமிடம், மறுபக்கம் நாலு. பூண்டு அரை நிமிடம். பாலும் தண்ணீரும் ஊற்றி, பாஸ்தாவைப் போட்டு, மூடி, சிம்மில் பன்னிரண்டு நிமிடம். கடைசியில் க்ரீம், சீஸ், மிளகுத்தூள். கழுவ ஒரே பாத்திரம். வேலைக்குப் போகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வீட்டில் விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். நம்பினார்கள்.

அன்று சாயங்காலம் கோழியிலேயே தகராறு ஆரம்பித்தது. முந்தாநாள் வாங்கியது. நேற்றுப் பகல் நாலு மணி நேரம் மின்சாரம் இல்லை. டப்பாவைத் திறந்தேன். நிறத்தில் குறை தெரியவில்லை. விரலால் தொட்டால் லேசாகப் பிசுபிசுத்த மாதிரி இருந்தது. எப்போதும் இப்படித்தான் இருக்குமா? இத்தனை வருடத்தில் நான் தொட்டுப் பார்த்ததே இல்லை, முகர்ந்துதான் பார்த்திருக்கிறேன்.

"இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டேன். "கண்ணை மூடு. இது என்னன்னு மோந்து பார்த்துச் சொல்லு."

பத்து நாளாக அவளோடு விளையாடும் விளையாட்டு இது.

"கோழி."

"எப்படி இருக்கு?"

"கோழி மாதிரி இருக்கு." கண்ணைத் திறந்தாள். "அம்மா, இந்த விளையாட்டு ரொம்ப போர். எப்பவும் நான்தான் மோந்து பார்க்கிறேன். நீ ஒரு தடவை கண்ணை மூடு."

"போய்க் கணக்கைப் போடு."

அந்த நேரம் பார்த்துக் கணவர் வந்தார். மழையில் நனைந்திருந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கருவிப் பையை வாசலில் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, என்ன சமையல் என்று எட்டிப் பார்த்து, டப்பாவைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார்.

"கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கோ?"

"எப்படி?"

"தெரியல. நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப சரி."

டப்பாவை வைத்துவிட்டுத் துண்டைத் தேடிப் போய்விட்டார். ஒரு மாதிரி இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. என் ஒரு சொல்லுக்கு அதை அப்படியே விழுங்கிவிட்டார். கோழியை இரண்டு காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். "இது பத்தாது, வேற வாங்கிட்டு வரேன்" என்று இரைந்து சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் கடைக்கு நடந்தேன். என் கண்ணெதிரே வெட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது காலையில் வந்த இரண்டாவது டாங்கர் ஞாபகம் வந்தது. அதை நினைக்கக் கூடாது என்று நாள் முழுக்க முயற்சி செய்துகொண்டிருந்தேன்.

காலையில் அந்த டாங்கரின் மூடியைத் திறந்து முகத்தை வைத்தேன். பதினெட்டு நாளாக வரும் அதே ஒன்றுமில்லாமை. அப்படி ஏணியில் நிற்கும்போது, கீழே இருப்பவர்கள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. டிரைவர் வழக்கமாக "அக்கா, சாப்டீங்களா?" என்பார், அன்று தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் மாட்டுகிற அண்ணன், இருபது வருட அனுபவஸ்தர், புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. "என்னண்ணே?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர் சொல்லுவார், சொன்னால் உனக்குத் தெரியலையா என்பார். கட்டை விரலை உயர்த்தினேன். அவர் குழாயை மாட்டினார்.

வீட்டுக்கு வந்து வாணலியை அடுப்பில் வைத்தேன். வெண்ணெய் உருகியது. கோழித் துண்டுகளைப் பரப்பினேன், நாலு நிமிடம், திருப்பிப் போட்டு நாலு நிமிடம். பொன்னிறமாக வந்திருந்தது, கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. வெங்காயம், பூண்டு. பால், தண்ணீர், உப்பு. பாஸ்தாவைக் கொட்டிக் கிளறினேன். நுரை மேலே எழுந்தது, தீயைச் சிம்முக்கு இறக்கினேன். பால் சேர்ந்த பாத்திரத்தை மூடினால் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கண்ணை எடுத்தால் பொங்கி வழியும். பால் பண்ணையில் வேலை பார்ப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தைந்து.

செல்போன் அடித்தது. லேப் மேடம். பண்ணையின் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பானவர், என் மேலதிகாரி. இதை மகள் காதுபட, கணவர் காதுபடப் பேச முடியாது. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில ஆறு கப் வைக்கிறேன்" என்றார். "வருஷா வருஷம் வைக்கிறதுதான். எதுல என்ன வாடைன்னு நீ எழுதிக் குடுக்கணும். உனக்கென்ன, தூக்கத்துலயே பாஸ் பண்ணிடுவ."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. காலையில வந்த ரெண்டாவது டாங்கர். அந்தப் பால் மூணாம் தொட்டியில இருக்கு, ராத்திரி ஷிஃப்ட் பாக்கெட் போடணும். நம்ம குழாய் அண்ணன் ஏதோ மருந்து வாடைங்கிறாரு. நானும் தொட்டிப் பக்கம் போனேன். எனக்கும் ஒரு மாதிரிதான் பட்டுச்சு. நீ பார்த்துட்டியே, நமக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன். பார்த்ததானே?"

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வரவில்லை. மேடை வேலை போனால் என்னைப் பாக்கெட் அடுக்குகிற பக்கம் தள்ளுவார்கள், அல்லது வெளியே தள்ளுவார்கள், மூக்கு என்கிற பெயர் இன்னொருத்திக்குப் போகும் என்பதுதான் மனதில் ஓடியது.

"பார்த்தேன் மேடம். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

என் கணவர் சொன்ன அதே இரண்டு சொல். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கோழியில் சந்தேகம் வந்தபோது குப்பையில் போட்டேன். பாலில் சந்தேகம் வந்தபோது நன்றாக இருக்கிறது என்றேன். கோழியை என் மகள் சாப்பிடுவாள், பாலை ஊரார் பிள்ளைகள் குடிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. திடீரென்று பாஸ்தா ஞாபகம் வந்து எழுந்து ஓடினேன்.

கூடத்தில் கணவர் இடுப்புவலிக்குத் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். மழைச் சாரலுக்காக ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மகள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மூடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. வாணலியின் ஓரத்தில் பால் வழிந்து வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. மேடை துடைக்கிற வேலை வேறு சேர்ந்துகொண்டதே என்று சலித்துக்கொண்டேன். மணி ஏழு நாற்பத்தொன்று. பதினாறு நிமிடம் ஆகிவிட்டது, குழைந்து போயிருக்கும் என்று பயந்து ஒரு பாஸ்தாவை எடுத்துக் கடித்தேன். நடுவில் குச்சி மாதிரி இருந்தது.

எனக்குப் புரியவில்லை. இன்னொன்றை எடுத்துக் கடித்தேன். அதுவும் அப்படித்தான். பிறகுதான் வாணலியில் ஒரு குமிழிகூட எழவில்லை என்பதைக் கவனித்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். தீ இல்லை. வழிந்த பால் பர்னரை அணைத்திருந்தது. திருகு சிம்மிலேயே நின்றது.

சனியன், அணைந்துவிட்டதா என்று மட்டும்தான் நினைத்தேன். சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. பசி, கோபம், நாளைக்கு வைக்கப்போகும் ஆறு கப், எல்லாம் தலைக்குள் மோதிக்கொண்டிருந்தன. ஆணியில் தொங்கிய லைட்டரை எடுத்தேன். பர்னர் பக்கம் நீட்டினேன். கட்டை விரலைப் பொத்தானில் வைத்தேன்.

"அம்மா, சீக்கிரம் முடியேன். நாத்தம் தாங்கல."

விரல் பொத்தானில் இருக்க, தலையை மட்டும் திருப்பினேன். மகள் சட்டைக் கழுத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் பாதியை மூடிக்கொண்டு, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன நாத்தம்?"

அவள் பென்சிலை நிறுத்தினாள். என்னைப் பார்த்த பார்வையில் குழப்பம்தான் இருந்தது.

"கேஸ் நாத்தம்மா. அப்பவே பிடிச்சு அடிக்குதே. உனக்குத் தெரியாதா?"

என் உடம்பில் அசைந்தது இதயம் மட்டும்தான். அந்தப் பொத்தான் பாதி அமுங்கியிருந்தது. இன்னும் ஒரு நூல் அமுங்கினால் டக்கென்று பொறி விழும். அந்த லைட்டரை நான் பத்து வருடமாக அழுத்துகிறேன், எந்த இடத்தில் பொறி விழும் என்று என் விரலுக்குத் தெரியும். விரலைத் தூக்கினாலும் அதுவாகவே பொறி விடுமோ என்று பயமாக இருந்தது. மகளின் பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்ததைப் பார்த்தேன். விரலை மெல்ல, மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. லைட்டரை ஈரத்துணியின் மேல் படுக்க வைத்தேன். திருகை மூடினேன். குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேன். வாசனை தெரிகிறவர்களுக்குக் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்றாவது தெரியும். எனக்கு அந்த அறை எப்போதும்போல்தான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"எந்திரி" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நோட்டு வேணாம். சுவிட்ச் எதையும் தொடாத. கதவைத் திறந்துக்கிட்டு மாடிப்படிக்குப் போ."

"ஏம்மா?"

"போன்னா போ."

போனாள். நான் கூடத்துக்கு ஓடினேன். "என்னங்க" என்றேன். அவர் அசையவில்லை. கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கேஸ் கீழேதான் தங்கும், தரையோடு தரையாகப் பரவும். அவர் தரையில் படுத்திருக்கிறார். "என்னங்க, எந்திரிங்க." தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதும் அசையவில்லை. கன்னத்தில் தட்டினேன். கடவுளே, வேலையும் வேண்டாம், பெயரும் வேண்டாம், இந்த மனுஷன் கண்ணைத் திறந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னேன்.

"ம்" என்றார். கண் திறந்தது. "என்ன, தட்டு வெச்சாச்சா? தலை பாரமா இருக்கு."

"கேஸ். வெளிய வாங்க."

எழுந்து நின்றார். ஒரு நொடி தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெக்கானிக் புத்தி, கை தானாக அடுப்படி வாசலில் இருக்கும் சுவிட்சுக்குப் போனது. "வெளிக்காத்து ஃபேனைப் போட்டு விடறேன், வாடை போயிடும்." அவர் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். பதின்மூன்று வருடக் கல்யாணத்தில் முதல் அடி. அவர் கையைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், அப்போதுதான் முழுசாக விழித்துக்கொண்டார். முகம் வெளுத்தது. இருவருமாக ஜன்னல்களைத் தள்ளித் திறந்துவிட்டு, கதவையும் திறந்தபடி போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

மாடிப்படியில் ஒரு திருப்பம் இறங்கி மூவரும் உட்கார்ந்தோம். மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வாடை வந்துச்சு" என்றார் கணவர். "படுத்திருக்கும்போதே வந்துச்சு. நீ அடுப்படியில இருக்கேன்னு நினைச்சேன். நீ இருக்கும்போது நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு..." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது.

"நானும் அதான் நினைச்சேன்" என்றாள் மகள். "அம்மா ஒண்ணும் சொல்லலையே, அப்ப அது பெரிசா ஒண்ணுமில்லன்னு."

இருவருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு நல்ல மூக்கு இருந்திருக்கிறது. தெரியாத ஒருத்தியை நம்பி, ஒருத்தி சட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு வாசனை தெரியல" என்றேன். "பதினெட்டு நாளா. எதுவுமே தெரியல."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"ஏன் சொல்லல?"

"வேலை போயிடும்னு."

"வேலை" என்றார். மகளின் தலையில் கையை வைத்தார்.

செல்போனை எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். லேப் மேடம் எடுத்தார். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது, இன்னும் பண்ணையில்தான் இருந்தார்.

"மேடம், மூணாம் தொட்டிப் பாலைப் பாக்கெட் போட விடாதீங்க."

"ஏன்? பார்த்தேன்னு சொன்னியே?"

"பார்க்கல. மூடியைத் திறந்தேன், முகத்தை வெச்சேன், எனக்கு ஒண்ணும் தெரியல. பதினெட்டு நாளா என் மூக்கு செத்துப்போச்சு மேடம். நான் சொல்லாம மறைச்சுட்டேன்."

"இந்தப் பதினெட்டு நாள்ல எத்தனை வண்டி?"

"அறுபத்துநாலு." எனக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் ராத்திரி படுக்கும்போது என் மேல் வந்து நின்ற வண்டி.

"லைன்லயே இரு" என்றார். அவர் நடப்பது கேட்டது. யாரையோ கூப்பிட்டு வால்வை மூடு என்று கத்தினார். இரும்பு ஏணியில் செருப்புச் சத்தம். தொட்டி மூடியின் கொக்கியைத் தூக்குகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த முதல் மூச்சை அவர் இழுக்கிறார் என்று இங்கே படிக்கட்டில் உட்கார்ந்தபடி எனக்குத் தெரிந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மருந்துதான்" என்றார். குரல் கம்மியிருந்தது. "கழுவுற மருந்து. நல்லாவே அடிக்குது. மத்தியானமே எனக்குத் தெரிஞ்சிருக்கு. நீ பார்த்துட்டேங்கிற ஒரே தைரியத்துல இறங்கிப் போயிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு மேனேஜர் முன்னாடி வந்து இதையே சொல்லணும். அறுபத்துநாலையும் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன் மேடம்."

"நானும் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். அப்ப சரி என்று இந்த முறை சொல்லவில்லை.

மழை விடவில்லை. கால் மணி போல ஆகியிருக்கும். மகளுக்குப் பசி வந்துவிட்டது. உள்ளே வேகாத பாஸ்தா வாணலியோடு ஆறிக் கிடந்தது. மூவரும் எழுந்து மேலே போய்த் திறந்த கதவின் முன் நின்றோம். உள்ளே திரைச்சீலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, தரையெல்லாம் சாரல்.

"போயிடுச்சா?" என்றார் கணவர்.

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்ன பிறகும், பழக்கதோஷம், இரண்டு முகமும் என் பக்கம்தான் திரும்பின. நானும் என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. வீடு, மழை, கேஸ், என் பிள்ளையின் தலை, எதற்கும் வாசனை இல்லை.

"என்னைப் பார்க்காதீங்க" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

அவர் வாசலில் நின்று தலையை உள்ளே நீட்டி முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் வரல. போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

மகள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். ஏணி உச்சியில் நான் நிற்பதுபோலவே கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் தயங்கினாள்.

"அப்பாவுக்கு வரலைன்னா..."

"அப்பாவை விடு. உனக்கு?"

"எனக்கு வருது. கொஞ்சமா."

அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "ஒருத்தருக்கு வந்தாலும் வெளியதான்" என்றேன். மறுபடியும் படியிறங்கி, விட்ட இடத்திலேயே மூவரும் உட்கார்ந்துகொண்டோம்.